ஒழுங்கைக்குள் வந்து நிற்கும் வெளிவாகனங்கள்: யாழ்ப்பாணத்தில் இதை எப்படிக் கையாளலாம்

யாழ்ப்பாண நகரிலும் நல்லூர், திருநெல்வேலி, கொக்குவில் பக்கங்களிலும் பெரிய வீதியிலிருந்து வீட்டுப் படலைவரை போகும் கடைசித் துண்டு பெரும்பாலும் தனியார் ஒழுங்கைதான். அயல் வளவுக்காரர் தங்கள் காணியில் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுச் சைக்கிளும் மாட்டுவண்டியும் போகட்டும் என்று உண்டாக்கிய பாதைகள் அவை. அப்படியொரு ஒழுங்கையின் வாயில் ரியூசன் நிலையமோ, கலியாண மண்டபமோ, வங்கிக் கிளையோ வந்துவிட்டால் உள்ளே இருக்கிற வீடுகளின் நிம்மதி போய்விடுகிறது. காலையில் வேலைக்கு வெளிக்கிடுகிறவர் படலையைத் திறந்தால் குறுக்கே ஒரு வான் நிற்கும். அதன் சாரதி எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது.

பலர் முதலில் செய்வது சாரதியோடு வாய்த்தர்க்கம். அதில் பலன் மிகக் குறைவு. இன்று நிறுத்தியவர் நாளைக்கு வரப்போவதில்லை. நாளைக்கு வேறொருவர் வருவார். அவர்களை அங்கே வரவைக்கிற மண்டபமும் வகுப்பும் மட்டும் அதே இடத்தில் இருக்கும். ஆகவே கதைக்கவேண்டியது அந்த இடத்தை நடத்துபவரோடு. அப்படிக் கதைப்பதற்கு முன்பு உங்கள் கையில் இருக்கவேண்டிய கடதாசிகளைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

ஒழுங்கை யாருடையது என்பது உறுதியில், அதாவது காணிப் பத்திரத்தில் இருக்கும். உங்கள் உறுதியின் காணி விபரத்தில் எல்லைகளை வாசியுங்கள். ஒழுங்கை ஒரு பக்க எல்லையாக மட்டும் சொல்லப்பட்டிருக்கிறதா, அதில் உங்களுக்குப் பங்கு எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது வழிவாய்க்கால் உரித்து (வழியுரிமை) மட்டும் தரப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சர்வேயர் பிளானில் ஒழுங்கைக்குத் தனித் துண்டு இலக்கமும் அகலமும் போட்டிருந்தால் அது பெரிய பலம். பழைய உறுதியில் பிளான் இல்லாவிட்டால் காணிப் பதிவகத்தில் பதிவேட்டுப் பிரதி எடுத்து அயலவர்களின் உறுதிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. வழியுரிமை என்பது போய்வரும் உரிமை. வாகனத்தை நிறுத்தி வைக்கும் உரிமை அதற்குள் அடங்காது. வெளியாருக்கு மட்டுமல்ல, ஒழுங்கையில் வெறும் வழியுரிமை மட்டும் உள்ள வீட்டுக்காரருக்கும் இதுதான் நிலை. ஒழுங்கை நிலத்துக்குச் சொந்தக்காரர்கூட மற்றவர்களின் போக்குவரத்தை மறிக்கும்படி தன் வாகனத்தை விடமுடியாது.

அடுத்ததாக மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ போய் அந்த ஒழுங்கை அவர்களுடைய வீதிப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். கொங்கிறீற் போடுவதற்காக ஒரு காலத்தில் ஆட்கள் கையெழுத்து வைத்து ஒழுங்கையைச் சபைக்குக் கொடுத்திருப்பார்கள். பிள்ளைகள் காலத்தில் அது மறந்துபோயிருக்கும். தெருவிளக்கு இருப்பதால் மட்டும் ஒழுங்கை சபையினுடையது ஆகிவிடாது. ஆனால் பதிவேட்டில் ஏறியிருந்தால் அது பொதுவீதி. அதில் நீங்கள் சங்கிலி போடவோ கேற் போடவோ முடியாது. அப்போது வாகனத் தரிப்புத் தடை அறிவித்தலைச் சபையிடமும், நடவடிக்கையைப் போக்குவரத்துப் பொலிஸாரிடமும்தான் கேட்கவேண்டும். இதைப் பார்க்காமல் தூண் நட்டுவிட்டுப் பிறகு சபையின் உத்தரவில் பிடுங்குவது காசுக்கும் மானத்துக்கும் நட்டம்.

கடதாசி சரியென்றால் அளவுநாடாவை எடுங்கள். ஒழுங்கையின் மிக ஒடுங்கிய இடத்தை, மதிலிலிருந்து மதில்வரை அளக்கவேண்டும். வாயில் அளந்த அகலத்தை நம்பக்கூடாது, ஏனென்றால் வேலியை மதிலாக்கும்போது நடுவிலேதான் அரை அடி, ஒரு அடி என்று போயிருக்கும். பத்து அடி ஒழுங்கை என்றால் 3.05 மீற்றர். ஒரு ஆல்டோ கார் ஏறத்தாழ 1.5 மீற்றர் அகலம். மதிலிலிருந்து 20 சென்ரிமீற்றர் தள்ளி நின்றால் மிச்சம் 1.35 மீற்றர். ஓட்டோவின் அகலம் 1.3. கண்ணாடியை மடித்துக்கொண்டு மயிரிழையில் போகலாம். அதே இடத்தில் ஒடுங்கிய ரக ஹயஸ் வான், அதாவது 1.7 மீற்றர், நின்றால் மோட்டார்சைக்கிள் மட்டும்தான் போகும். பன்னிரண்டு அடி ஒழுங்கையில் வான் நின்றால் மிச்சம் 1.76 மீற்றர். அம்புலன்ஸ் கண்ணாடிகளோடு இரண்டு மீற்றருக்கு மேல் வரும், உள்ளே போகாது. பதினைந்து அடியில்தான் ஒரு வான் நிற்க, பக்கத்தால் இன்னொரு வாகனம் தாராளமாகப் போக முடியும். ஆகவே பதினைந்து அடிக்குக் குறைந்த எந்த ஒழுங்கையிலும் ஒரு வாகனமும் நிற்கக்கூடாது என்பதுதான் எங்கள் முடிவு. “ஒரு ஓரமாத்தானே விட்டனான்” என்று சொல்பவருக்கு இந்தக் கணக்கைத் துண்டில் எழுதிக் காட்டினால், பெரும்பாலும் அதற்குப் பிறகு வாதம் வராது.

படலைக்கு நேர் எதிர்ப்பக்கத்தையும் தனியாகக் குறித்துவையுங்கள். ஒடுங்கிய ஒழுங்கையில் கார் வளைந்து வளவுக்குள் ஏற எதிர்மதிலோரம் வெறுமையாக இருக்கவேண்டும். படலையை மறிக்கவில்லை என்று நினைத்து எதிரே விட்டுப்போகிற வாகனம் உண்மையில் படலையைத்தான் மறிக்கிறது. ஒழுங்கை வாயும் அப்படித்தான். மூலையில் ஒரு மோட்டார்சைக்கிள் நின்றாலே கன்ரர் லொறியோ தண்ணீர் பவுசரோ திரும்பாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஓரம் இளகியிருக்கும். பாரவாகனம் ஏறினால் வாய்க்கால் மூடியும் குடிநீர்க் குழாயும் மீற்றர்ப் பெட்டியும் உடையும். அந்த உடைவுகளையும் படம் எடுத்து வையுங்கள், பின்னால் உதவும்.

இதற்குள் ஒழுங்கைக்காரர் ஒருமுறை கூடவேண்டும். சனசமூக நிலையம் பக்கத்தில் இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் யாராவது ஒருவர் வீட்டு விறாந்தையில். அங்கே முதலில் கதைக்கவேண்டியது தங்கள் சொந்த வாகனங்களைப் பற்றி. இதைத் தவிர்க்கிற ஒழுங்கைகளில் வேறெதுவும் சரிவருவதில்லை. மூன்றாவது வீட்டுக்காரரின் பட்டா வாகனம் (சின்ன லொறி) இரவுபகலாக வெளியே நின்றால், மண்டபத்துக்கு வருகிறவர் அதன் பின்னால்தான் கொண்டுவந்து விடுவார். கேட்டால் “அது நிக்குதுதானே” என்பார். அதற்குப் பதில் இல்லை. வளவுக்குள் இடமில்லாதவருக்கு அயல் வளவில் இடம் பார்த்துக்கொடுப்பது குழுவின் வேலை. வெளிநாட்டிலிருந்து உறவினர் வந்து வாடகை வான் எடுக்கும் ஆடி, ஆவணி மாதங்களுக்கும் முன்கூட்டியே ஒழுங்கு பேசிக்கொள்ளுங்கள்.

கூட்டத் தீர்மானத்தை ஒரு பக்கத்தில் எழுதி எல்லா வீட்டாரும் கையெழுத்து வைக்கவேண்டும். கனடாவிலோ பிரான்ஸிலோ இருப்பவரின் வீடென்றால் அற்றோணித் தத்துவம், அதாவது அவருக்காகச் செயற்படும் எழுத்து அதிகாரம் பெற்றவர் கையெழுத்திடலாம். குடியிருப்பவரின் கையெழுத்து மட்டும் கேற், சங்கிலி போன்ற விடயங்களுக்குப் போதாது.

இனி அந்த நிறுவனம். இரண்டு கிழமை ஒரு கொப்பியில் குறிப்பெழுதுங்கள்: திகதி, நேரம், வாகன இலக்கம், நின்ற இடம், எவ்வளவு நேரம், அன்றைக்கு அங்கே என்ன நிகழ்ச்சி. படம் எடுக்கும்போது இலக்கத் தகடும் ஒழுங்கையின் அடையாளம் ஒன்றும், உதாரணமாக உங்கள் படலை, ஒரே படத்தில் விழவேண்டும். இரண்டு கிழமையில் ஒழுங்கு தானாகத் தெரியவரும். ரியூசன் என்றால் ஒரு வகுப்பு விடுகிற, அடுத்த வகுப்புக்குப் பிள்ளைகள் வந்து நிற்கிற அந்த இருபது நிமிடம்தான் பிரச்சினை. மண்டபம் என்றால் முகூர்த்த நேரத்துக்கு முந்திய ஒரு மணித்தியாலம். வங்கி என்றால் சம்பள நாட்கள்.

பொறுப்பானவரைத் தொலைபேசியில் பிடிக்காதீர்கள். வயதில் மூத்த ஒருவரும் இன்னொருவரும் நேரில், நிகழ்ச்சி இல்லாத நாளில் போவது நல்லது. போகும்போது கேட்கவேண்டியது திட்டமாக இருக்கவேண்டும். “ஏதாவது செய்யுங்கோ” என்றால் “சொல்லி விடுறம்” என்ற பதிலோடு முடிந்துவிடும். இப்படிக் கேளுங்கள்:

“அண்ணை, உங்கட மண்டபத்தில நிகழ்ச்சி நடக்கிற நாளில ஒழுங்கை வாயில ஒரு ஆளை விசிலோட நிப்பாட்டவேணும், முகூர்த்தத்துக்கு ஒரு மணித்தியாலம் முந்தி. ரெண்டு கோண் வைக்கவேணும். மைக்கில வாகனம் எங்க விடலாமெண்டு ஒருக்கா அறிவிக்கவேணும். மண்டபம் புக் பண்ணுற ஆக்களிட்டையும் முதலே சொல்லிவிடவேணும். நாங்கள் இதைக் கடிதமாயும் கொண்டுவந்திருக்கிறம்.”

ரியூசன் நிலையத்திடம் இரண்டு வகுப்புகளுக்கு நடுவே கால்மணி இடைவெளியும், பிள்ளைகளின் சைக்கிளும் பைக்கும் தங்கள் வளவுக்குள்ளேயே நிற்கவேண்டும் என்பதும் கேட்கலாம். ஆசிரியர் வகுப்பில் ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள். ஏற்றிப்போக வருகிற பெற்றோர்தான் கடினம். கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

பேச்சில் சரிவராத இடத்தில் ஒரு நல்ல பிடி கட்டட வரைபடம். மண்டபம், வங்கி போன்றவற்றுக்குச் சபை கட்டட அனுமதி கொடுக்கும்போது வாகனத் தரிப்பிடமும் வரைபடத்தில் காட்டப்பட்டிருக்கும். காலப்போக்கில் அந்த இடம் சமையல் கொட்டிலாகவோ கதிரை அடுக்கும் அறையாகவோ மாறிவிடுகிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பித்து, அனுமதிக்கப்பட்ட வரைபடத்தில் எத்தனை வாகனத்துக்கு இடம் காட்டப்பட்டுள்ளது என்று கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்கவேண்டும். பதில் கையில் வந்தபிறகு, வரைபடத்தில் உள்ள தரிப்பிடத்தைத் திறந்துவிடச் செய்யுமாறு சபைக்கு எழுதுங்கள். ஒழுங்கையில் நிற்கிற வாகனத்தைப் பற்றிய பத்து முறைப்பாட்டைவிட இந்த ஒரு கடிதம் அதிகம் வேலை செய்யும்.

அறிவித்தல் பலகை வேண்டும்தான், ஆனால் அதில் எழுதுவதுதான் முக்கியம். “அத்துமீறினால் சட்ட நடவடிக்கை” என்பதை ஊரில் ஒருவரும் கணக்கெடுப்பதில்லை. காரணத்தையும் மாற்று இடத்தையும் எழுதுங்கள்:

தனியார் ஒழுங்கை
அம்புலன்ஸ் வரும் வழி; வாகனம் நிறுத்த வேண்டாம்
தரிப்பிடம்: மண்டபத்தின் பின்புறம்

தமிழுக்குக் கீழே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் போடுங்கள், தெற்கிலிருந்து வருகிற வான்காரர் பலர். சிங்கள வரியை அந்த மொழி வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிய பிறகே அச்சடிக்கக் கொடுக்கவேண்டும். இரண்டு அடிக்கு ஒன்றரை அடி பலகை, மேல்வரி எழுத்து இரண்டு அங்குல உயரம், இரவில் ஒளிதெறிக்கும் ஸ்ரிக்கர். பலகையின் கீழ்விளிம்பு நிலத்திலிருந்து ஐந்து அடியாவது உயரத்தில் இருக்கவேண்டும். தாழ நட்டால் முதலில் வந்து நிற்கிற வாகனமே அதை மறைத்துவிடும். மின்கம்பத்திலோ சபையின் வீதியோரத்திலோ கட்டாமல் உங்கள் மதிலோடு உட்புறமாக நிறுத்துங்கள். குருநகர், பாசையூர் போன்ற கடலோரங்களில் இரும்புத் தகடு உப்புக்காற்றுக்குத் தாங்காது, அலுமினியம் போடவேண்டும்.

தூண் நாட்டும்போது ஒரு சிக்கல் வரும். இங்கே பல இடங்களில் மண்ணுக்குக் கீழே ஒன்றிரண்டு அடியிலேயே சுண்ணாம்புக்கல் தட்டும். வேலைக்கு வந்தவர் அரை அடி தோண்டிக் கல் தட்டியதும் கொங்கிறீற்றைக் கொட்டிவிட்டுப் போய்விடுவார். முதல் லொறி உரசும்போது தூண் சரியும். அலவாங்கால் கல்லை உடைத்து ஒன்றரை அடியாவது இறக்கவேண்டும். இரண்டு அங்குலக் கல்வனைஸ் குழாய் போதும். அடியில் குறுக்காக இரண்டு கம்பித்துண்டு ஒட்டவைத்து, 1:2:4 (சீமெந்து, மணல், சல்லி) கலவையில் இறுக்கினால் சுற்றாது.

சங்கிலி போடுவதை நாங்கள் விரும்புவதில்லை. தொய்ந்து தொங்கும் சங்கிலி இரவில் மோட்டார்சைக்கிளில் வருகிறவருக்குக் கண்ணில் படாது, விழுந்து முறிந்தால் போட்டவர் பதில் சொல்லவேண்டும். கட்டாயம் தடுப்பு வேண்டும் என்றால், கழற்றக்கூடிய ஒற்றைத்தூண் நல்லது. பத்து அடி ஒழுங்கையின் நடுவில் மூன்று அங்குலக் குழாயை நிறுத்தினால் இரு பக்கமும் ஏறத்தாழ 1.48 மீற்றர் மிஞ்சும். ஓட்டோவும் பைக்கும் போகும், கார் போகாது. நிலத்துக்குள் அதை ஏற்க நான்கு அங்குலக் குழாயை ஒன்றரை அடி புதைக்கவேண்டும். அதன் அடியைக் கொங்கிறீற்றால் மூடிவிடாதீர்கள். சல்லி போட்டு விடுங்கள். மூடினால் மாரியில் தண்ணீரும் சேறும் நிரம்பித் துருப்பிடித்து, தை மாதம் பார்க்கும்போது தூண் கழறாது. பூட்டுக்குத் திறப்பு வேண்டாம், இலக்கப் பூட்டுப் போடுங்கள், இலக்கம் எல்லா வீட்டுக்கும் தெரிந்திருக்கட்டும். அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கத்தை அழைத்தவுடன் ஒருவர் ஓடிப்போய்த் தூணைக் கழற்றிவிட்டு ஒழுங்கை வாயில் வெளிச்சத்தோடு நிற்கவேண்டும். நள்ளிரவில் திறப்புத் தேடுகிற நிலை வரவே கூடாது. கேற்றோ தூணோ எதுவானாலும் வழியுரிமை உள்ள ஒருவர் தனக்கு நியாயமற்ற இடைஞ்சல் என்று எதிர்த்தால் விடயம் நீதிமன்றம்வரை போகும். அதனால்தான் அந்த ஒரு பக்கக் கையெழுத்து.

செய்யவே கூடாதவை சில. காற்றைத் திறந்துவிடுவது, ஆணிப்பலகை வைப்பது, கண்ணாடியில் கீறுவது எல்லாம் தண்டனைச் சட்டக்கோவையில் குற்றங்கள். வாகனத்தைத் தாங்களே கட்டியிழுத்து ஏதாவது முறிந்தால் அந்தச் செலவு உங்கள் தலையில். சாரதி எடுக்க வரும்போது முன்னால் உங்கள் வாகனத்தை விட்டு மறிப்பதும் வேண்டாம். அதுவரை முறைப்பாட்டாளராக இருந்தவர் அந்த நிமிடத்திலிருந்து எதிரியாக, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவராக எழுதப்படுவார். கோபம் நியாயமானது, ஆனால் ஆறு மாதம் சேர்த்த கொப்பியும் கடிதமும் அந்த ஒரு செயலால் பெறுமதி இழந்துவிடும்.

படலை மறிபட்டு அவசரம் என்றால் 119 இற்கோ உங்கள் பொலிஸ் நிலையத்துக்கோ அழையுங்கள். அழைக்கும்போது “ஒழுங்கையில வாகனம் நிக்குது” என்று சொல்லாதீர்கள். “வீட்டிலயிருந்து வெளிய போகேலாமல் மறிச்சு நிக்குது” என்று சொல்லுங்கள். தனியார் நிலத்தில் தரிப்புத் தண்டம் எழுத முடியாது என்று போக்குவரத்துப் பிரிவு கையை விரிக்கலாம். ஆனால் வழிமறிப்பும் அதனால் வரக்கூடிய சண்டையும் பொலிஸாரின் வேலைக்குள் வருகிறவை. நிலையத்தில் முறைப்பாட்டைத் தமிழில் எழுதச்சொல்லி, வாசித்துப்பார்த்து ஒப்பமிட்டு, முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விதானையாருக்கும் (கிராம அலுவலருக்கும்) எழுத்தில் அறிவித்து வைப்பது நல்லது. ஒழுங்கை எவ்வளவு காலமாக யாரால் பாவிக்கப்படுகிறது என்பதற்கு அவருடைய கடிதம் பின்னால் உதவும்.

அயலவருக்கும் அயலவருக்கும் இடையிலான பிணக்கென்றால் இணக்கசபை நல்ல இடம். சட்டத்தரணி இல்லாமல் இரு பகுதியும் இருந்து கதைக்கலாம். இணக்கம் வந்தால் எழுத்தில் கிடைக்கும். ஒருவர் தொடர்ந்து ஒழுங்கையைப் பிடித்து வைத்து, அடிபிடி வரும் நிலை என்றால், 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவு இருக்கிறது. பொலிஸார் அறிக்கை தாக்கல் செய்யலாம், அல்லது பாதிக்கப்பட்டவரே சத்தியக் கடதாசியோடு போகலாம். வழியுரிமையும் இதில் அடங்கும். இது உரித்தைத் தீர்க்கும் வழக்கல்ல, மாவட்ட நீதிமன்று முடிவு சொல்லும்வரை அமைதி காக்கும் கட்டளை. ஒழுங்கைத் துண்டிலிருந்தே உங்களை வெளியேற்றிவிட்டார்கள் என்றால் இரண்டு மாதத்துக்குள் போகவேண்டும். அந்தக் கால எல்லை தவறி நல்ல வழக்குகள் கெட்டிருக்கின்றன.

மௌனமாக விடுவதில் இன்னொரு ஆபத்து உண்டு. 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, பத்து வருடம் இடையறாமல், எதிர்ப்பில்லாமல், தன்னுடைய உரிமைபோலப் பாவித்தவர் உரித்துக் கோர இடமுண்டு. பக்கத்துக் கடைக்காரர் ஒவ்வொரு நாளும் லொறியை அதே மூலையில் விட, ஒருவரும் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அந்த வாதத்துக்கு நீங்களே இடம் கொடுக்கிறீர்கள். அனுமதியோடு பாவிப்பது இந்தக் கணக்கில் சேராது. ஆகவே விடுவதானாலும் “இன்ன திகதிவரை, எங்கள் அனுமதியுடன், நாங்கள் கேட்டால் எடுக்கவேண்டும்” என்று ஒரு துண்டில் எழுதி இரு பகுதியும் ஒப்பமிட்டு வைத்திருங்கள்.

நல்லூர்க் கொடியேற்றத்திலிருந்து 25 நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகள் வாகனத்துக்கு மூடப்படுவதால், அயல் ஒழுங்கைகள் நிரம்புவது தெரிந்த விடயம். திருவிழா தொடங்க ஒரு மாதம் முன்பே மாநகர சபைக்கும் பொலிஸுக்கும் கடிதம் கொடுத்து, அந்த நாட்களில் தூணை நிறுத்தி, வாயில் ஆள்மாறி ஆள் இருக்க ஒழுங்கு செய்யுங்கள். பெரிய வளவு உள்ளவர் வாகனப் பாதுகாப்பு நிலையம் நடத்த நினைத்தால் சபையின் அனுமதி எடுத்து, உள்ளே எடுக்கும் எண்ணிக்கையை மட்டுப்படுத்தவேண்டும். வளவு நிரம்பியபிறகு மிச்சம் ஒழுங்கையில் நின்றால் அவரே பொறுப்பு என்று கூட்டத் தீர்மானத்தில் எழுதிவிடுங்கள்.

செத்தவீட்டுக்கு இந்த விதி ஒன்றும் இல்லை. அன்றைக்கு ஒழுங்கைக்காரர் தங்கள் வாகனங்களைக் காலையிலேயே வெளியே கொண்டுபோய் விட்டு, பாடை போகும் வழியை மட்டும் திறந்து வைத்திருந்தால் போதும். ஒருவரையும் எடுக்கச் சொல்லிக் கேட்கக்கூடாது.